10 சதவீத நீர்வெட்டு மேட்டுக் கட்டடத்துக்கு மட்டும் 50 ஆவது எப்படி? மும்பை ஏரிக்கணக்கும் வால்வுக்கணக்கும்

செம்பூர்_செயலாளர் · பதிவு 1

ஜூன் பிறந்தால் பேப்பரில் அதே வரிதான்: "ஏரிகளில் இருப்பு குறைவு, மாநகராட்சி 10 சதவீத நீர்வெட்டு." ஆனால் மேட்டிலும் குழாயின் கடைசியிலும் இருக்கும் சொசைட்டிகளில், அதாவது அடுக்குமாடிக் குடியிருப்புகளில், கீழ்த்தொட்டி பாதிகூட நிரம்புவதில்லை. இரண்டு தெரு தள்ளிப் பள்ளத்தில் இருக்கும் கட்டடத்தில் வெட்டு வந்ததே தெரியாது.

கேட்க விரும்புவது மூன்று. வெட்டை யார், எந்தக் கணக்கில் முடிவு செய்கிறார்கள்? 10 எப்படி 50 ஆகிறது? கமிட்டி விதிக்குள் நின்று என்ன செய்யலாம்? டேங்கர்காரர் நம்பர் வேண்டாம், கணக்கு வேண்டும்.

ஏரிக்கணக்கு · பதிவு 2

முதல் கேள்விக்கு நான்.

மும்பைக்கு ஏழு ஏரி. முழுதாக நிரம்பினால் பயன்படும் நீர், மில்லியன் லிட்டரில்: பாத்ஸா 7,17,037; அப்பர் வைதரணா 2,27,047; மிடில் வைதரணா 1,93,530; தான்ஸா 1,45,080; மோடக் சாகர் 1,28,925; விஹார் 27,698; துளசி 8,046. கூட்டினால் 14,47,363. நாளொன்றுக்கு நகருக்கு விடுவது சுமார் 3,900 மில்லியன் லிட்டர், அதாவது 390 கோடி லிட்டர். வகுத்துப் பாருங்கள், 371 நாள் வருகிறது. ஆக, ஏரி நிரம்பிய வருஷத்தில்கூடக் கையிருப்பு ஒரு வருஷத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். ஆவியாவதை இதில் கழிக்கவில்லை.

பேப்பரில் "இருப்பு 8 சதவீதம்" என்று படித்தால் 3.7 ஆல் பெருக்குங்கள். 1 சதவீதம் என்பது 14,474 மில்லியன் லிட்டர், அது 3.7 நாள் தண்ணீர். 8 சதவீதம் என்றால் ஒரு மாதம்.

நீர்ப்பொறியாளர் துறை தினமும் காலை 6 மணிக்கு ஏழு ஏரியின் மட்டத்தையும் அளந்து வெளியிடுகிறது. அவர்கள் பார்க்கும் தேதிகள் இரண்டு: அக்டோபர் 1 அன்று எவ்வளவு இருக்கிறது, அது ஜூலை 31 வரை தாங்குமா. தாங்காது என்றால் வெட்டுக்கான முன்மொழிவு ஆணையருக்குப் போகும். அவர் ஒப்புதல் தந்ததும் அறிவிப்பு. ஏழில் பாத்ஸாவும் அப்பர் வைதரணாவும் மாநில நீர்வளத் துறையின் அணைகள், மாநகராட்சியினுடையவை அல்ல. அதனால் கடைசி நேரத்தில், வழக்கமாகத் தொடாத ஒதுக்கு இருப்பு வேண்டும் என்றால் மாநில அரசிடம்தான் கேட்க வேண்டும். 2024இல் பாத்ஸாவிலிருந்து 1,37,000, அப்பர் வைதரணாவிலிருந்து 91,130 மில்லியன் லிட்டர் இப்படி அனுமதி கிடைத்தது. அப்படியும் மே 30 முதல் 5, ஜூன் 5 முதல் 10 சதவீதம் வெட்டினார்கள். ஜூலை 29 அன்றுதான் நீக்கினார்கள்.

இப்போது கசப்பான கணக்கு. 10 சதவீத வெட்டு 30 நாள் நடந்தால் மிச்சம் 3 நாள் தண்ணீர். ஜூனில் வெட்டுவது நெருக்கடியில் மூச்சு வாங்குவது மாதிரி, அதற்கு மேல் பலன் கிடையாது. 2018இல் ஏரிகள் சரியாக நிரம்பாததால் நவம்பர் 15 அன்றே 10 சதவீதம் தொடங்கினார்கள். நவம்பர் நடுவிலிருந்து ஜூலை நடுவரை என்று வைத்தால் 24 நாள் மிச்சம். வெட்டு சின்னதாக, சீக்கிரமாக வர வேண்டும். அரசியலுக்கு அது பிடிக்காது, தீபாவளி முடிந்த கையோடு யார் தண்ணீரைக் குறைப்பார்கள்?

தொண்ணூறடி_ரோடு · பதிவு 3

அண்ணா, ஒரு சந்தேகம். ஜூலைல சயான் ஸ்டேஷன்ல முழங்கால் தண்ணி நிக்கும், குழாய்ல வெட்டு. இதை எப்படி ஜனங்களுக்குச் சொல்றது?

ஏரிக்கணக்கு · பதிவு 4

ஊருக்குள் இருப்பவை துளசியும் விஹாரும் மட்டும். இரண்டும் வழிந்தாலும் 35,744 மில்லியன் லிட்டர், ஒன்பது நாள் தண்ணீர். மற்ற ஐந்துக்கும் தானே, பால்கர், நாசிக் மாவட்ட மலைகளில் பெய்ய வேண்டும். "விஹார் வழிகிறது" என்று வாட்ஸப்பில் வரும் வீடியோவை வைத்து வெட்டு போய்விடும் என்று நினைக்காதீர்கள். பாத்ஸா என்ன மட்டம் என்று பாருங்கள். மொத்தத்தில் பாதி அதுதான்.

வால்வுச்சாவி · பதிவு 5

இரண்டாவது கேள்விதான் முக்கியம். பொதுவாகத் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவதும் அதுதான்.

10 சதவீத வெட்டு என்றால் ஒவ்வொரு மீட்டரிலும் 10 சதவீதம் குறையும் என்று எந்த ஏற்பாடும் இல்லை. பாண்டுப்பிலும் பாஞ்ஜ்ராபூரிலும் சுத்திகரித்து வெளியே அனுப்பும் மொத்தத்தில் 10 குறையும், அவ்வளவே. அதைத் தெருத்தெருவாகப் பங்கிடுவது வால்வு. மும்பையில் 24 மணி நேரக் குழாய்த் தண்ணீர் கிடையாது. நகரைப் பல மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் குறித்த நேரத்தில் சாவிவாலா வால்வைத் திறந்து மூடுகிறார்.

குறைக்க இரண்டு வழி. ஒன்று, நேரத்தைக் குறைப்பது: 120 நிமிடம் 108 ஆகும். இன்னொன்று, வால்வை முழுக்கத் திறக்காமல் அழுத்தத்தைக் குறைப்பது. தெருக்குழாய்களுக்குத் தண்ணீர் விடும் சேவைத் தொட்டியில் மட்டம் ஏறாதபோது யாரும் உத்தரவிடாமலே இரண்டாவது தானாக நடந்துவிடும்.

நேரக்குறைப்பு ஓரளவு நியாயம். முதல் வீட்டுக்கு 120இல் 12 போனால் 10 சதவீதம். கடைசி வீட்டுக்குக் குழாய் நிரம்பித் தண்ணீர் வந்து சேரவே 25 நிமிடம் ஆகும் என்றால், அவருக்குக் கிடைப்பது 95 நிமிடம். அதில் 12 போனால் 12.6 சதவீதம். தாங்கலாம்.

அழுத்தக்குறைப்பில்தான் விளையாட்டு. நீரோட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அழுத்தத்தை, தண்ணீர் எத்தனை மீட்டர் உயரம் எழும்பும் என்று அளப்பார்கள்; பள்ளத்துக் கட்டட வாசலில் 16 மீட்டர் அழுத்தம், மேட்டில் 4 மீட்டர் என்று வையுங்கள். வால்வைத் திருகி எல்லோருக்கும் 3 மீட்டர் குறைக்கிறார்கள். பள்ளத்தில் 16 போய் 13: வர்க்கமூலம் 4இலிருந்து 3.6, இழப்பு 10 சதவீதம். மேட்டில் 4 போய் 1: வர்க்கமூலம் 2இலிருந்து 1, இழப்பு 50 சதவீதம். தோராயக் கணக்குதான். ஆனால் செயலாளர் கேட்ட 50 எங்கிருந்து வருகிறது என்பதற்கு இதைவிட நல்ல பதில் இல்லை. யாரும் திருட வேண்டியதில்லை. எல்லோரும் விதிப்படி நடந்தாலே இது நடக்கும்.

தொண்ணூறடி_ரோடு · பதிவு 6

இதையே கூட்டுக் குழாய்க்குப் போட்டுப் பாருங்க. அரையங்குல இணைப்பு, நல்ல அழுத்தத்துல நிமிஷத்துக்கு 15 லிட்டர். ரெண்டு மணி நேரத்துல 1,800. பத்துக் குடும்பம் பிடிச்சா வீட்டுக்கு 180, அஞ்சு பேர்னா தலைக்கு 36. குடிசைப் பகுதிக்கு மாநகராட்சி வச்சிருக்கிற அளவே தலைக்கு 45 லிட்டர், கட்டடத்துக்கு 135. ஏற்கெனவே 45 எட்டலை. அழுத்தம் விழுந்து ஓட்டம் பாதியானா தலைக்கு 18. அது குடிக்க, சமைக்க, முகம் கழுவ. குளியல் கணக்குலயே இல்லை.

சொசைட்டிக்குத் தொட்டி இருக்கு, ராத்திரி சொட்டுச் சொட்டா வந்தாலும் சேரும். எங்க பக்கம் ஹண்டாவும் நீல டிரம்மும்தான் தொட்டி. வர்ற நேரத்துல பிடிக்காத தண்ணி, வராத தண்ணிதான். அதனால வெட்டு நாளில் கூட்டுக் குழாய் இருக்கிற மண்டலத்துல அழுத்தத்தைத் தொடாம நேரத்தை மட்டும் குறைக்கணும். முடிஞ்சா அதையும் குறைக்காம விடணும்.

சட்டப் பக்கமும் சொல்லிடறேன். 2000க்குப் பிறகு வந்த குடிசைவாசிகளுக்கும் தண்ணீர் உரிமை உண்டுன்னு பம்பாய் உயர் நீதிமன்றம் 2014 டிசம்பர்ல தீர்ப்பு சொல்லியாச்சு. "வெட்டு நேரம், புது இணைப்புப் பேச்சே வேண்டாம்"னு யாராவது சொன்னா அதை எடுத்துக் காட்டலாம்.

ஏரிக்கணக்கு · பதிவு 7

வால்வுச்சாவி சார் சொன்னதில் ஒரு மறுப்பு. அழுத்தத்தைக் குறைப்பதால் கசிவும் குறைகிறது, பொறியாளர்கள் அதைத்தான் விரும்புவார்கள். வழியில் தொலைவதும் கணக்கில் வராததும் சேர்ந்து மூன்றில் ஒரு பங்கு வரை போகும் ஊர் இது. வறட்சியில் கசிவைக் குறைப்பதுதானே மலிவான சேமிப்பு?

வால்வுச்சாவி · பதிவு 8

ஒப்புக்கொள்கிறேன், ஆனால் பள்ளத்தில் மட்டும். 16 மீட்டர் இருக்கும் மண்டலத்தில் 3 குறைத்தால் கசிவும் குறையும், வாடிக்கையாளருக்கும் வலிக்காது. 4 மீட்டர் மண்டலத்தில் கசிவே சொற்பம், அங்கே அழுத்தத்தைக் குறைத்து என்ன மிச்சம்? மண்டலம் பார்த்துச் செய்ய வேண்டியதை மொத்தக் குழாயில் செய்வதுதான் கோளாறு. அதோடு, அழுத்தம் விழுந்த குழாயில் நேர்மாறான ஆபத்து ஒன்று இருக்கிறது. அதை மாமி சொல்வார்.

மாட்டுங்கா_மாமி · பதிவு 9

சொல்கிறேன். குழாயில் அழுத்தம் இருக்கும்வரை விரிசல் வழியாகத் தண்ணீர் வெளியே போகும். அழுத்தம் போனதும் அதே விரிசல் வழியாக வெளியே இருப்பது உள்ளே வரும். பக்கத்தில் சாக்கடை ஓடினால் அதுவும். வெட்டு அறிவிப்போடு "காய்ச்சி வடிகட்டிக் குடியுங்கள்" என்ற வரி சேர்ந்தே வருவது இதனால்தான்.

பதிவு 6இல் தம்பி சொன்ன நீல டிரம்மில், கலங்கல் இல்லாத தண்ணீர் என்றால், 1,000 லிட்டருக்கு 33 சதவீதக் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் 2.5 கிராம். முதலில் ஒரு மக்கில் கரைத்து, அடிச்சுண்ணாம்பு படிந்ததும் தெளிவை மட்டும் ஊற்றி, அரை மணி நேரம் விடவும். 200 லிட்டர் டிரம் என்றால் அரை கிராம், ஒரு சிட்டிகை. சாக்கு பிரித்து மாதக்கணக்கில் கிடந்த பவுடரில் 33 இருக்காது, புதிதாக மூடிய பாக்கெட் வாங்குங்கள். குழாய் முனையில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும். மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் சோதனைச் சொட்டு மருந்தே தோராயமாகக் காட்டிவிடும்.

முதல் பத்து நிமிடத் தண்ணீரைக் குடிக்கப் பிடிக்காதீர்கள். கீழே கொட்டவும் வேண்டாம், கழிவறைக்குத் தனி வாளியில் வையுங்கள்.

கட்டடத்தில் மோட்டாரை நேராகக் குழாயில் மாட்டி உறிஞ்சுவது சட்டவிரோதம், பிடித்தால் பம்பைப் பறித்து இணைப்பைத் துண்டிக்கலாம். இது அண்டைவீட்டாரின் தண்ணீரைத் திருடுவது மட்டுமில்லை. உறிஞ்சும்போது குழாய்க்குள் அழுத்தம் சுழியத்துக்கும் கீழே போகும், தெருச் சாக்கடையை உங்கள் தொட்டிக்கு நீங்களே இழுத்துக்கொள்கிறீர்கள். பம்பு கீழ்த்தொட்டியிலிருந்துதான் இழுக்க வேண்டும்.

செம்பூர்_செயலாளர் · பதிவு 10

அப்படியானால் வாரத்தில் ஒரு நாள் முழுசாக மூடிவிட்டால் என்ன? மற்ற ஆறு நாளும் முழு அழுத்தம். மேடு பள்ளப் பேச்சே இல்லையே. புனேயில் செய்தார்களே.

வால்வுச்சாவி · பதிவு 11

2023 மே மாதம் புனேயில் வியாழன்தோறும் மூடினார்கள். காகிதத்தில் ஏழில் ஒன்று, 14 சதவீதம் மிச்சம். நடப்பில் அவ்வளவு வராது. புதன் இரவே ஊர் முழுக்க அண்டா குண்டாவெல்லாம் நிரப்பும். வெள்ளிக்கிழமை புதுத் தண்ணீர் வந்ததும் மிச்சத்தைக் கொட்டிவிட்டு மறுபடி நிரப்பும். பழைய தண்ணீர் ஆகாது என்பது நம் வீடுகளில் எழுதாத சட்டம். அதோடு வடிந்த குழாயை நிரப்பும்போது காற்று அடைத்துக்கொள்ளும், வேகமாகத் திறந்தால் பழைய குழாய் வெடிக்கும். மேட்டுக்கு வெள்ளிக்கிழமையும் சரியாக வராது, அவர்களுக்கு இரண்டு நாள் வெட்டு.

அல்சூர்_காரர் · பதிவு 12

பெங்களூர் பக்கத்து விதியையும் வையுங்கள், ஒப்பிட வசதி. உங்கள் ஊரில் கருவி வால்வு, எங்கள் ஊரில் கருவி அபராதம்.

2024 மார்ச்சில் குடிநீர் வாரியம் 1964ஆம் வருஷச் சட்டத்தின் 33, 34ஆம் பிரிவுகளின் கீழ் உத்தரவு போட்டது. காவிரித் தண்ணீரிலும் போர்வெல் குடிநீரிலும் கார் கழுவக்கூடாது, தோட்டத்துக்கு விடக்கூடாது, கட்டட வேலை, நீரூற்று, சாலை கழுவுதல் கூடாது. மீறினால் 109ஆம் பிரிவில் 5,000 ரூபாய், திரும்பச் செய்தால் மேலும் 5,000, அதோடு நாளுக்கு 500. 2025 பிப்ரவரியில் திரும்பவும் அதே தடை.

2024இலேயே டேங்கருக்கும் மாவட்ட ஆட்சியர் விலை வைத்தார். 5 கிலோமீட்டருக்குள் 6,000 லிட்டர் 600 ரூபாய், 8,000 லிட்டர் 700, 12,000 லிட்டர் 1,000. 5 முதல் 10 கிலோமீட்டர் வரை 750, 850, 1,200. வரி தனி. எதில் ஓட்டை? லிட்டரை யார் அளப்பது? 6,000 என்று எழுதின வண்டி முக்கால் ரொம்பி வந்தால் விலை சரி, தண்ணீர் இல்லை. இறக்கும் முன்னும் பின்னும் கீழ்த்தொட்டி மட்டத்தை அளவுகோலில் பாருங்கள். 4 மீட்டருக்கு 3 மீட்டர் தொட்டியில் 6,000 லிட்டருக்கு மட்டம் சரியாக 50 சென்டிமீட்டர் ஏறணும். 38 ஏறினால் 4,560 லிட்டர்தான் இறங்கியிருக்கு.

குழாய் முனையில் மாட்டி ஓட்டத்தைக் குறைக்கும் ஏரேட்டரையும் வணிகக் கட்டடங்களுக்குக் கட்டாயம் ஆக்கினார்கள். கைகழுவும் தொட்டியிலும் சமையல் தொட்டியிலும் பலன் உண்டு. வாளி நிரப்பும் குழாயில் மாட்டினால் ஒரு சொட்டு மிச்சமில்லை, வாளி அதே வாளிதான், நிரம்ப நேரம் மட்டும் ஆகும்.

ஏரிக்கணக்கு · பதிவு 13

டேங்கர் என்றதும்: மும்பைத் தனியார் டேங்கர்கள் எடுப்பது கிணறு, போர்வெல் தண்ணீர். ஏரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மத்திய நிலத்தடி நீர் ஆணைய அனுமதி விவகாரத்தில் 2025 ஏப்ரல் 10 அன்று டேங்கர்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, மாநகராட்சி 2005ஆம் வருஷப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தைக் கையில் எடுத்துக் கிணறுகளையும் வண்டிகளையும் பொறுப்பேற்பதாக அறிவித்தது. வறட்சியில் உள்ளாட்சியிடம் இருக்கும் பெரிய கோல் அதுதான். வெட்டு உத்தரவோடு ஒப்பிட்டால் அதை எடுப்பது அபூர்வம்.

வால்வுச்சாவி · பதிவு 14

மூன்றாவது கேள்விக்கு வருவோம். கமிட்டி முதலில் செய்ய வேண்டியது மீட்டர் படிப்பது. ஏழு நாள், தண்ணீர் வரும் நேரத்தில் ஒருவர் நிற்க வேண்டும். முள் நகரத் தொடங்கிய நேரம், நின்ற நேரம், நடுவில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை அளவு. முதல் சில நிமிடம் காற்றும் முள்ளைச் சுற்றும், அதைக் கழித்துவிடுங்கள்.

நிமிடம் குறைந்து ஓட்டம் அப்படியே இருந்தால் நேரவெட்டு. நிமிடம் அதே, ஓட்டம் முழுக்கக் குறைவு என்றால் அழுத்தவெட்டு அல்லது வழியில் கசிவு. ஆரம்பத்தில் நன்றாக வந்து பத்து நிமிடத்தில் திடீரென்று படுத்து, கடைசியில் மறுபடி எழுந்தால், அக்கம்பக்கத்தில் யாரோ உறிஞ்சுகிறார்கள். மூன்றுக்கும் புகார் வேறு, தீர்வும் வேறு. மாநகராட்சியின் 1916 என்ற எண்ணுக்குப் போன் செய்து "தண்ணீர் குறைவு" என்று சொன்னால் புகார் எண் கிடைக்கும், வேறொன்றும் கிடைக்காது. இந்தத் தாளோடு வார்டு ஆபீஸில் நீர்ப்பிரிவு உதவிப் பொறியாளரைப் பாருங்கள். செம்பூருக்கு எம் வெஸ்ட் வார்டு, தாராவிக்கு ஜி நார்த், மாட்டுங்காவுக்கு எஃப் நார்த்.

அடுத்தது உள்வாய். பல பழைய கட்டடங்களில் இணைப்புக் குழாய் தரைக்கு மேலே ஒரு மீட்டருக்கு மேல் எழும்பி, பிறகு கீழ்த்தொட்டிக்குள் வளையும். சாதாரண நாளில் தொந்தரவில்லை. மேலே சொன்ன மேட்டுக் கட்டடத்தில் வெட்டுக்குப் பிறகு மிஞ்சியது 1 மீட்டர்தான். குழாய் 1.2 மீட்டர் எழும்பினால் வருவது பாதிகூட இல்லை, ஒன்றுமே வராது! உரிமம் பெற்ற பிளம்பரை வைத்து, வார்டு அனுமதியோடு இந்த எழும்பலை இறக்குங்கள். ஆனால் தொட்டி நீர்மட்டத்துக்கு மேல் உள்வாய் முனை இருக்க வேண்டும், மூழ்கினால் தொட்டித் தண்ணீர் தெருக்குழாய்க்குத் திரும்பும். மிதவை வால்வில் துவாரம் குழாயைவிடச் சின்னதாக இருக்கும், அதையும் முன்னால் இருக்கும் சல்லடையையும் கழற்றிப் பாருங்கள். துரு அடைத்துப் பாதி வெட்டு அங்கேயே நடந்துகொண்டிருக்கும்.

மாட்டுங்கா_மாமி · பதிவு 15

மேல்தொட்டிப் பங்கீடு: 60 வீடு, வீட்டுக்கு ஐந்து பேர், தலைக்கு 135 என்றால் நாளுக்கு 40,500 லிட்டர். 10 சதவீதம் போனால் 36,450. இரண்டு வேளை, குறித்த நேரத்தில் மட்டும் மேலேற்றுங்கள். அப்போதும் கீழ்மாடிக்காரர் வாளி வாளியாகப் பிடித்து வைப்பார், அதற்கு விதி கிடையாது, பேச்சுதான் வழி. தீயணைப்புத் தொட்டியில் கை வைக்காதீர்கள். "ஒரு நாள்தானே" என்று திறக்கும் கமிட்டிகள் உண்டு.

2007இல் 300 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைகளில் புதுக் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயம் ஆக்கினார்கள். வெட்டு மாதமும் மழை மாதமும் ஒன்று என்பதால் இதற்கு இங்கே தனி மதிப்பு. 400 சதுர மீட்டர் மொட்டை மாடியில் 20 மில்லிமீட்டர் பெய்தால் 8,000 லிட்டர், வழிச்சேதம் போக 6,400. வெட்டுப்பட்ட 4,050 லிட்டரை ஒரு மழை ஈடுகட்டிவிடும். முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, மற்றதைக் கழிவறைத் தொட்டிக்குத் தனிக் குழாயில். குடிநீர்த் தொட்டியோடு சேர்க்கவே கூடாது.

செம்பூர்_செயலாளர் · பதிவு 16

மீட்டர் 15 நிமிடத்துக்கு ஒருமுறை என்றீர்கள். கறுப்பு எண், சிவப்பு எண் எதைக் குறிப்பது?

வால்வுச்சாவி · பதிவு 17

இரண்டும். கறுப்பு எண் கிலோலிட்டர், அதாவது ஆயிரம் லிட்டர், பில் அதில்தான் வரும். சிவப்பு எண்ணும் சின்ன முள்ளும் அதற்குக் கீழே உள்ள லிட்டர். 15 நிமிட வித்தியாசம் அதில்தான் தெரியும். செல்போனில் படம் எடுத்துவிடுங்கள், நேரமும் சேர்ந்து பதிவாகும். கண்ணாடிக்குள் ஆவி படிந்திருந்தால் முதலில் மீட்டரை மாற்ற எழுதிக் கொடுங்கள், அந்த அளவை வார்டில் ஏற்க மாட்டார்கள்.